மணி ஒலித்த பிறகு

அன்பு மகளே,

நேற்று இரவு கடைசி எபிசோடையும் பார்த்து முடித்துவிட்டேன். இரவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, உடம்புக்கு முடியாத சில நாட்களை மட்டும் விட்டுவிட்டு, 73 எபிசோடுகளையும் பார்த்தேன். 2019 மே மாதம் நீ அழுதுகொண்டே என்னைக் கூப்பிட்டது நினைவிருக்கிறதா? 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் கடைசி சீசனில் ஐந்தாம் எபிசோடு வந்த மறுநாள். "அம்மா, அவளை இப்படிச் செய்துவிட்டார்களே" என்றாய். யாருக்கு என்ன ஆனதோ என்று எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. விஷயம் தெரிந்ததும், "கதைதானே, விடு" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

நீ அழுதது டெனேரிஸுக்காக; அந்தக் கதையின் நாயகிகளில் ஒருத்தியான அவள் உனக்கு என்னவாக இருந்தாள் என்பது இப்போதுதான் தெரிகிறது. முதல் சீசனில் அண்ணனால் விற்கப்பட்ட பெண். நான்காம் சீசனின் முடிவில், ஓர் ஏழை தன் மூன்று வயது மகளின் கருகிய எலும்புகளைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அவள் காலடியில் வைக்கிறான். அவள் பிள்ளைகளாக வளர்த்த டிராகன்களில் ஒன்று செய்த காரியம். அதைச் செய்த டிராகன் கைக்கு அகப்படவில்லை; மற்ற இரண்டையும் தன் கையாலேயே சங்கிலியில் பூட்டிவிட்டு, அவை கதறுவதைக் கேட்டபடி அழுதுகொண்டு வெளியே வருகிறாள். அந்தக் காட்சியில் நானும் அழுதேன். ஒரு குழந்தைக்காகத் தன் பிள்ளைகளைச் சிறையில் வைத்தவள், தலைநகரம் சரணடைந்து மணி ஒலித்த பிறகு, தெருவில் ஓடும் குழந்தைகள் மீது நெருப்பைப் பொழிகிறாள்.

முன்பே அறிகுறிகள் இருந்தன என்று வாதாடுபவர்கள் சொல்வதை நானும் யோசித்துப் பார்த்தேன். அடிமை வியாபாரிகள் 163 பேரைச் சிலுவையில் அறைந்தாள், மண்டியிட மறுத்த தந்தையையும் மகனையும் எரித்தாள், அவளுடைய தகப்பன் பித்துப் பிடித்த அரசன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் தண்டித்தவர்கள் ஒவ்வொருவரும் அவள் கண்ணில் குற்றவாளிகள், அல்லது அவளை எதிர்த்து நின்றவர்கள். ஒரு பாவமும் செய்யாதவர்களை எரிக்கும் இடத்துக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள்? அந்த வழியைத்தான் நீ கேட்டாய். அது உனக்குக் கிடைக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கண்ணகிதான் நினைவுக்கு வந்தாள். மதுரையை எரித்தவளை நாம் ஏன் ஏற்றுக்கொள்கிறோம்? இளங்கோவடிகள் ஒரு படியைக்கூடத் தாண்டிப் போகவில்லை. பொற்கொல்லனின் பொய், விசாரிக்காமல் அரசன் இட்ட ஆணை, வெட்டுண்டு கிடந்த கணவன், அவையில் உடைத்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கப் பரல், உயிர்விட்ட அரசன் என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் தீயிடம் வருகிறாள். அப்போதும்கூட முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று தீக்கு ஆணையிடுகிறாள். எரிக்கும் வேளையிலும் அவள் முகம் நமக்குத் தெரிகிறது. டெனேரிஸின் முகத்தைப் பார்த்தாயா? மணி ஒலிக்கும்போது சில நொடிகள் காட்டுகிறார்கள். எரிக்கத் தொடங்கிய பிறகு அந்த எபிசோடு முடியும்வரை அவள் முகமே இல்லை. கீழே நின்று பார்ப்பவர்களுக்கு டிராகன்தான் தெரிகிறது. நகரத்து மக்களின் பயத்தைச் சொல்ல அது நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அவளோடு எட்டு வருடம் நடந்துவந்தவர்களுக்கு, மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவளுக்குக் காரணமே இல்லை என்று சொல்லவில்லை. விசுவாசமான வீரன் ஜோரா இறந்தான், இரண்டாவது டிராகன் போனது, தோழி மிசாண்டேயைக் கண்ணெதிரே வெட்டினார்கள், காதலன் ஜான் விலகிப் போனான், ஆலோசகன் வேரிஸ் துரோகம் செய்தான். ஒரு சீசன் முழுக்க வைத்துச் சொல்ல வேண்டிய துக்கத்தை இரண்டு மூன்று எபிசோடுகளுக்குள் திணித்துவிட்டார்கள். முதல் ஆறு சீசன்களுக்குப் பத்துப் பத்து எபிசோடுகள், ஏழாவதற்கு ஏழு, கடைசிக்கு ஆறு. இன்னும் எடுக்கத் தயாரிப்பு நிறுவனம் தயாராகத்தான் இருந்தது. போதும் என்றவர்கள் தொடரை உருவாக்கியவர்கள். எதிரியின் கப்பல்கள் அவளை எப்படித் திடீரென்று தாக்கின என்பதற்கு, அவள் அந்தக் கப்பற்படையைக் கொஞ்சம் மறந்துவிட்டாள் என்று விளக்கம் சொன்னார்களே, அதைக் கேட்டு நீ கொதித்தது நியாயம். ஒரு பாத்திரத்தை மதிப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கடைசி சீசனின் மூன்றாம் எபிசோடில், இரவுப் போரில் திரையே சரியாகத் தெரியாத இருட்டைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது, நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் அதே இருட்டில் தியோனை மிக நன்றாக வழியனுப்பினார்கள். தன்னை வளர்த்த எந்த வீட்டுக்குத் துரோகம் செய்தானோ, அந்த வீட்டுப் பிள்ளையான பிரானைக் காத்து நிற்கிறான். நீ நல்லவன் என்று பிரான் சொல்ல, அதைக் கேட்டுவிட்டு ஈட்டியோடு தனியாக ஓடுகிறான். அந்தச் சொல்லுக்காக அவன் எத்தனை வருடம் ஏங்கினான் என்பது நமக்குத் தெரியும். அதற்கு முந்தைய எபிசோடில் கணப்பின் அருகே, எதிரி அரசி செர்சியை விட்டுவந்த வீரன் ஜேமி, போர்வீராங்கனை பிரியெனுக்கு வீரர் பட்டம் கொடுப்பதை இரண்டு முறை பார்த்தேன். நிதானமாகச் சொன்ன இடமெல்லாம் அந்தச் சீசனிலும் அழகாகத்தான் இருக்கிறது.

இனி நாம் ஒத்துப்போகாத இடத்துக்கு வருகிறேன். ஜேமி பிரியெனை அழவிட்டு, தன் இரட்டைச் சகோதரியும் காதலியுமான செர்சியிடமே திரும்பிப் போனதால் எட்டு வருடமும் வீண் என்று நீ எழுதியிருந்தாய். அவன் திரும்பிப் போனதை என்னால் நம்ப முடிகிறது. உன் பெரியப்பா ஆறு வருடம் குடியைத் தொடாமல் இருந்துவிட்டு, கடைசிக் காலத்தில் மறுபடியும் அதிலேயே விழுந்தார். அந்த ஆறு வருடத்தில்தான் உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், உன் அப்பா படுக்கையில் கிடந்தபோது இரவெல்லாம் கண்விழித்து உட்கார்ந்திருந்தார். அது பொய்யாகிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை, நீயும் நினைக்க மாட்டாய். செர்சி வெறுக்கத்தக்கவள், நானும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு ஜேமி குதிரை ஏறும்போது, தன்னைப் பற்றி நல்லதை நம்பத் தெரியாத ஒருவனைத்தான் பார்த்தேன்.

என்னால் பொறுக்க முடியாதது வேறு ஒன்று. அடுத்த எபிசோடில் தன் தம்பி டிரியனிடம், அப்பாவி மக்களைப் பற்றி எனக்கு எப்போதுமே பெரிய அக்கறை இருந்ததில்லை என்கிறான். மூன்றாம் சீசனில், வெட்டுண்ட கையோடு வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, டெனேரிஸின் தகப்பனான அந்தப் பித்துப் பிடித்த அரசனை ஏன் கொன்றேன் என்று பிரியெனிடம் சொன்னவன் இவன்தானா? நகரத்தையே எரிக்கச் சொன்ன அரசனைக் குத்தி, அந்த மக்களுக்காகவே வாழ்நாள் முழுக்க அரசக் கொலையாளி என்ற பழியைச் சுமந்தவனாயிற்றே! அவன் போனதை மன்னிக்கிறேன். அந்த ஒரு வசனத்தை எழுதியவர்களை மன்னிக்க மனம் வரவில்லை.

கடைசி எபிசோடில் பிரியென், அரசனின் காவல் வீரர்கள் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும் அந்த வெள்ளைப் புத்தகத்தைத் திறக்கிறாளே, அதை ரசிகர்கள் பலரும் கேலி செய்தார்கள் என்றும், உனக்கும் அவமானமாக இருந்தது என்றும் சொன்னாய். எனக்கு அந்தச் சீசனிலேயே பிடித்த காட்சி அதுதான். நான்காம் சீசனின் தொடக்கத்தில் ஜேமியின் பக்கம் வெறுமையாகக் கிடப்பதைக் காட்டி அப்போதைய அரசன் ஜாஃப்ரி ஏளனம் செய்தான். அந்தப் பக்கத்தை இப்போது அவள் நிரப்புகிறாள். கையை இழந்தது, தனியாக வடக்கே வந்து சேர்ந்தது, இறந்தவர்களின் படையை எதிர்த்து நின்றது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்து, கடைசி வரிக்கு முன்னால் ஒரு கணம் நிற்கிறாள். தன் அரசியைக் காக்கும்போது இறந்தான் என்று எழுதுகிறாள். தன்னை விட்டுப் போனவனைப் பற்றிய வரி அது. ஒரு சொல்லையும் குறைக்கவில்லை.

15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சீசனை மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள், அவர்களில் நீயும் ஒருத்தி. உழைத்த நடிகர்களில் சிலருக்கு அது அவமரியாதையாகப் பட்டதில் வியப்பில்லை. அதே சமயம், கதையின் மேல் கோபத்தில் இருந்த ரசிகர்களே டெனேரிஸாக நடித்த எமிலியா கிளார்க்கின் உழைப்புக்கு நன்றியாக, மூளைக் காயத்திலிருந்து மீள்பவர்களுக்காக அவர் தொடங்கிய தொண்டு அமைப்புக்குப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். முதல் சீசன் முடிந்தபின் அவருக்கே மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, பிழைத்து வந்து நடித்தார் என்பதை இப்போதுதான் படித்தேன். அந்தத் திரட்டலில் நீயும் பணம் போட்டிருந்தாயா? என்னிடம் சொல்லவே இல்லையே.

நான் கேட்காமல் போனதால்தான் நீ சொல்லாமல் விட்டாய். அந்த வெந்நீர்த் தொட்டிக் காட்சியை மட்டும் இன்னொரு முறை பார். பார்த்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. எனக்குத் தூக்கம் வராது, நேரம் பார்க்க வேண்டாம். இந்த முறை ஃபோனை நீயாக வைக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா