செத்த காலேஜ்ல மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கச்சேரி வைங்களேன்

எழும்பூர் மியூசியத்தப் பாத்துக்கற அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்க பாட்டி கடைசி வரைக்கும் உங்க இடத்த மியூசியம்னு சொன்னதே கிடையாது, செத்த காலேஜ்தான். ஜூ வந்து உயிர் காலேஜ். அந்த ஜூவே 1855ல உங்க வளாகத்துலதான் ஆரம்பிச்சுது, அப்புறம்தான் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போச்சுன்னு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரியும். ஆக உயிர் கிளம்பிப் போயி நூத்தி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுல கொஞ்சத்த மாசத்துக்கு ஒரு சாயங்காலமாவது திரும்பக் கொண்டாரலாமேன்னுதான் இந்த மடல்.

கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. வெண்கலச் சிலைங்க இருக்கற கேலரில ஒரு ஜமக்காளம், 50 பேரு, இருபத்தஞ்சு வயசுக்குள்ள ஒரு பாடகரோ வாத்தியக்காரரோ, ஒண்ணேகால் மணி நேரம். மைக் வேண்டாம்.

ஏன் இப்படின்னா, என் அக்கா பொண்ணு வீணை வாசிக்கறா, பத்தொம்பது வயசு. போன மார்கழி கச்சேரி சீசன்ல ஒரு சபால (பேர் வேண்டாம், நாளைக்கு திரும்பவும் அங்கதான் போய் நிக்கணும்) மத்தியானம் பன்னெண்டு மணி ஸ்லாட் குடுத்தாங்க. முன்னூறு சேர் போட்ட ஹால்ல நாங்க குடும்பமா ஏழு பேரு, அப்புறம் ஏசிக்கு ஒதுங்கின நாலு பேரு, மிச்சப் பேரெல்லாம் கேன்டீன் க்யூல. சவுண்ட் ஆசாமி வீணைல ஒரு கான்டாக்ட் மைக்க ஒட்டிட்டு எங்கயோ போயிட்டாரு, அது பாட்டுக்கு கொய்ங்னு ஊளை விடுது, இந்தப் பொண்ணு பைரவி ஆலாபனைய பாதில நிறுத்திட்டு திரும்பித் திரும்பிப் பாக்குது, வாசிக்கறவங்க கேக்கறதுக்கு மேடைல வெக்கற மானிட்டர் ஸ்பீக்கர்ல மிருதங்கம் மட்டும் இடிஇடின்னு இடிக்குது. வெளில வந்து ஆட்டோ ஏறினப்புறம் "மாமா, நான் வாசிச்சது எனக்கே கேக்கல"ன்னா. அதுக்கு நான் என்னத்தச் சொல்ல?

வீணைல தந்திய இழுத்து ஒரு சுரத்துலேந்து இன்னொண்ணுக்குப் போறப்போ, மீட்டின நாதம் தேஞ்சு போயி கடைசில ஒரு இழை மாதிரி நிக்கும் பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. பத்தடி தூரத்துல உக்காந்தா கேக்கும், பெரிய ஹால்ல ஸ்பீக்கர் வழியா கேட்டா கிடார் மாதிரி ஆயிடும். ஃபாரின்ல சேம்பர் ம்யூசிக்னு தனியா பேர் வெச்சு வாசிக்கறாங்க, நம்ம ஊர்ல ஒரு காலத்துல முக்காவாசி சங்கீதமே கூடத்துல உக்காந்து கேட்டதுதானே. வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுன்ல தன் வீட்டுல வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பாங்க, ஊர்ல இருந்த பெரிய பெரிய வித்வான்லாம் அங்க போய் உக்காந்து கேட்டிருக்காங்க. பரதநாட்டியம் ஆடின பாலசரஸ்வதி, பாட்டுக்காரங்க பிருந்தா, முக்தா எல்லாம் அந்த வீட்டுப் பேத்திங்கதான்.

இப்போ பாருங்க, உங்க மியூசியத்துக்கு லீவு நாளும் வெள்ளிக்கிழமைதான்! எனக்கு இது தோணினப்போ தூக்கமே வரல, சிரிக்காதீங்க. விசிட்டர் கூட்டம் இல்ல, ஸ்கூல் பசங்க இல்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் சும்மாதானே நிக்கறாங்க. இந்த மூர்த்திங்க எல்லாம் கோயில்ல இருந்தப்போ பாட்டும் மேளமும் கேட்டுப் பழகினதுதான். தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் திருப்பதியம் (தேவாரப் பாட்டுதான்) பாட 48 பேரு, கூட உடுக்கைக்கு ஒருத்தர், கொட்டி மத்தளத்துக்கு ஒருத்தர்னு போட்டதா கல்வெட்டே இருக்கு. அம்பது பேரு பாடி வாசிச்ச காலம் போயி, அம்பது பேரு உக்காந்து கேக்கறதுக்கு மனு போடற காலம் வந்துடுச்சு.

நீங்க என்ன சொல்லுவீங்கன்னும் தெரியும். ஜனம் கூடினா மூச்சுல ஈரம் ஏறும், வெண்கலத்துல உப்பு இருந்தா அந்த ஈரத்துல பச்சைப் பொடியா அரிக்கும். நியாயமான பயம், அதனாலதான் அம்பதுக்கு மேல ஒருத்தர் கூட வேண்டாம்ங்கறேன். குத்துவிளக்கு, கற்பூரம், பூமாலை, காபி எதுவும் உள்ள வரக்கூடாது. பொன்னாடைய வாசல்லயே போர்த்திக்கலாம், இல்ல போர்த்தாமலே இருக்கலாம், அதுவும் ஒரு புண்ணியம். செக்யூரிட்டி அண்ணன்களுக்கு லீவு நாள்ல டூட்டி போட்டா அதுக்கு தனியா சம்பளம் குடுக்கணும், டிக்கெட் காசுலயே குடுத்துடலாம். ஓசி கச்சேரி வேண்டவே வேண்டாம்ங்க, ஓசின்னா வாசிக்கற புள்ளைக்கும் ஓசின்னு ஆயிடுது, சீசன்ல அததான் பாத்துட்டு இருக்கோம், சில எடத்துல அந்தப் புள்ளைங்க வீட்டுலயே காசு வாங்கறாங்கன்னு வேற பேச்சு.

மிருதங்கம் அந்த மாதிரி ரூம்ல கொஞ்சம் எகிறுமோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. முதல் ரெண்டு மாசம் தனி வீணை, புல்லாங்குழல்னு வெச்சுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம், தனம்மாளும் பல நேரம் பக்கவாத்தியம் இல்லாமத்தான் வாசிச்சிருக்காங்க. ஆனா சுருதிக்கு நிஜத் தம்புராதான் வேணும், போன்ல ஆப்ப போட்டுட்டு உக்காரக்கூடாது, இதுல மட்டும் நான் பிடிவாதம்.

சிலைங்க பக்கத்துல ஆகவே ஆகாதுன்னா ம்யூசியம் தியேட்டர் இருக்கே. 1896ல கட்டினது, மைக்கே இல்லாத காலம், டிராமாக்காரங்க தொண்டைய நம்பியே நடந்த எடம். கேக்கறவங்களையும் மேடை மேலயே ஏத்தி வாசிக்கறவங்களச் சுத்தி உக்கார வெச்சிட்டா கீழ இருக்கற சீட்டெல்லாம் காலியா கிடந்துட்டுப் போகட்டும். பாந்தியன் ரோட்டு ஹாரன் சத்தம் உள்ள வருதான்னு மட்டும் ஒருநாள் சாயங்காலம் போய் நின்னு பாக்கணும், கூப்பிட்டா நானே வரேன்.

முதல் கச்சேரிக்கு எங்க வீட்டுப் பொண்ண போடுங்கன்னு கேக்கல, பாரபட்சம் ஆயிடும், யார வேணா போடுங்க. ரெண்டாவதுக்கு வேணா யோசிங்க. ஜமக்காளம் நாங்களே எடுத்துட்டு வந்துடறோம். வீணையத் தூக்கிட்டு மாடி ஏறணுமான்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணிலேந்து ஒரு வீணைக்காரியோட மாமா