அது உன்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய வெள்ளியை ஒட்டித் தங்கள் இதழில், இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸைப் பற்றி வந்த கட்டுரையில், இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்த சீடன் பேதுரு மனந்திரும்பினான், யூதாஸோ வெறும் மனஸ்தாபம் மட்டுமே கொண்டான் என்று இருவருக்கும் நடுவே ஒரு கோடு போடப்பட்டிருந்தது. அந்தக் கோட்டைச் சிறுவயது முதல் பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவன் நான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே பல ஆண்டுகள் அதைச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இப்போது அது நிற்காது என்று தோன்றுகிறது.

மத்தேயு சுவிசேஷம் 27ஆம் அதிகாரத்தில் யூதாஸ் 'மனஸ்தாபப்பட்டு' முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனான் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறது. அதே மத்தேயு 21ஆம் அதிகாரத்தில், திராட்சத்தோட்டத்துக்குப் போகமாட்டேன் என்று தகப்பனிடம் சொல்லிவிட்டுப் பின்பு 'மனஸ்தாபப்பட்டுப்' போன மூத்த மகனைப் பற்றி இயேசு சொல்கிறார். தமிழில் மட்டுமல்ல, கிரேக்க மூலத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். தகப்பனின் சித்தத்தைச் செய்தவன் என்று அந்த மகனுக்குப் பெயர் வாங்கித் தந்த அதே சொல், யூதாஸிடம் வந்ததும் எப்படிக் குறைப்பட்டுப்போகும்? அவன் காசைத் திருப்பிக் கொடுத்தான்; 'குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்' என்று, தன்னை விலைக்கு வாங்கிய ஆசாரியர்கள் முகத்துக்கு நேராகவே அறிக்கையும் செய்தான். அவர்கள் சொன்ன பதில்: 'எங்களுக்கென்ன, அது உன்பாடு.' அதன் பிறகுதான் அவன் காசை தேவாலயத்தில் எறிந்துவிட்டுப் போய் நான்றுகொண்டான்.

பேதுருவின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பண்டை குளிர்காய்ந்துகொண்டு மறுதலித்தவனுக்குத் திபேரியாக் கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பு காத்திருந்தது. அதன்மேல் மீன் இருந்தது, 'என்னை நேசிக்கிறாயா' என்று மூன்று தரம் கேட்க உயிர்த்தெழுந்த இயேசுவும் இருந்தார். அழுகையின் ஆழத்தை அளந்து இந்த இருவரையும் பிரிக்க நம்மால் முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். ஒருவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள், மற்றவனை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது.

கட்டுரையாளர் 2006இல் வெளியான 'யூதாஸின் சுவிசேஷம்' என்ற கோப்திய மொழிச் சுவடியையும் துணைக்கு அழைத்திருந்தார். இரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்று நம்பிய இரண்டாம் நூற்றாண்டு ஞானவாதிகளின் நூல் அது. அவர்களுடைய கொள்கையை அறிய உதவும், யூதாஸை அறிய உதவாது. போதாக்குறைக்கு, அந்த நூலை வைத்துச் சொல்லப்படுவதுபோல இயேசு சொல்லியே அவன் காட்டிக்கொடுத்தான் என்று வைத்துக்கொண்டால் அந்த மனஸ்தாபத்துக்கே இடமில்லாமல் போய்விடும்.

யூதாஸ் குற்றமற்றவன் என்று நான் வாதாடவில்லை. காட்டிக்கொடுத்தவன்தான். ஆனால் இயேசு பிடிபட்ட கெத்செமனே தோட்டத்தில் அவன் முத்தமிட வந்தபோதும் இயேசு அவனைச் 'சிநேகிதனே' என்றுதான் அழைத்தார். நாமோ கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் கட்சி மாறியவனைத் திட்டவும், பங்காளிச் சண்டையில் சாட்சி மாற்றிச் சொன்னவனை ஏசவும் யூதாஸ் என்ற பெயரை வைத்திருக்கிறோம்.

என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் எங்கள் சபைப் பிள்ளைகள் நடித்த நாடகத்தை எழுதியவன் நான்தான். சுருக்குப் பையில் சோடா மூடிகளைப் போட்டு, குலுக்கினால் காசுபோலக் கேட்கும்படி செய்திருந்தோம். முத்தம் முடிந்ததும் நேரே கயிறுதான். தேவாலயக் காட்சியை நேரமில்லை என்று நானே வெட்டினேன். அதனால் யூதாஸாக நடித்த பையன் பையை வாங்கினானே தவிர, திருப்பிக் கொடுக்க அவனுக்கு வாய்ப்பே இல்லை. பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை தெருவில் அவனை 'யூதாஸ்' என்றே கூப்பிட்டார்கள். ஊரை விட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் அந்தப் பெயர் அவனை விட்டது.

அந்தக் காசைக் காணிக்கைப்பெட்டியில் போடலாகாது, அது இரத்தக்கிரயம் என்று ஆசாரியர்கள் சட்டம் பேசினார்கள். பிறகு அதைக்கொண்டு அந்நியரை அடக்கம்பண்ணக் குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள். காசுக்கு என்ன செய்வதென்று ஆலோசனை நடந்தது. அதைக் கொண்டுவந்தவனுக்கு என்ன செய்வதென்று நடக்கவில்லை.

வருகிற லெந்து நாட்களில் அந்த நாடகத்தை மறுபடியும் போடலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வெட்டிய காட்சியைச் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரதான ஆசாரியன் வேடத்தை நானே போட்டுக்கொள்வதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.