பண்ணை வீட்டுக் கதவைத் திறந்து கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதம் மூன்று நாள் லீவு போட்டுவிட்டுத் திருப்பூரிலிருந்து ஊருக்கு வந்தேன். பூட்டிக் கிடக்கும் பண்ணை வீட்டை உள்ளே போய் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் நினைத்திருந்தேன். திரும்பிப் போகும்போது என் பையில் மூன்று கணக்கு நோட்டுகள் இருந்தன. அதற்கு நடுவில் எத்தனை பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு என்னோடு நின்றீர்கள்! நேரில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் ஊரறியச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். என் தாத்தா அந்தப் பண்ணையில் பண்ணையாள். அவருடைய அப்பாவும் அப்படித்தான். பொழுது விடிவதற்கு முன்னால் வயலில் இறங்க வேண்டும், இருட்டிய பிறகுதான் ஏற வேண்டும். தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவது. சாணிப்பால், சவுக்கடி என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள். கீழத்தஞ்சையில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் என் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் சொன்னால், இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா என்று கேட்கிறார்கள்.

கஜா புயலில் அந்த வீட்டின் கூடத்து ஓடு பாதி பறந்துவிட்டது. அது 2018 நவம்பர். அதற்கப்புறம் யாரும் உள்ளே போகவில்லை. வருகிற தை மாதம் வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள், தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் காரைக்குடியில் பழைய சாமான் விற்கிறவர்கள் விலை பேசிவிட்டார்கள் என்று அத்தை போனில் சொன்னார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதலில் சென்னையில் இருக்கும் அந்த அம்மாவுக்கு நன்றி. அவர்கள் அந்தப் பண்ணைக்குச் சொந்தக்காரரான மிராசுதாரின் பேத்தி. போன் செய்வதற்கு முன்னால் என்னென்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இன்னார் பேத்தி பேசுகிறேன் என்று சொன்னதும் எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சாவி எங்க வாட்ச்மேன் வீட்ல இருக்கும்மா. பரண்ல ஒரு டிரங்குப் பெட்டி இருக்கு, அதையும் பாருங்க. நான் தொறந்து பாத்ததில்ல” என்றார்கள். நான் கேட்காமலேயே பெட்டியைப் பற்றிச் சொன்னார்கள். வேறு எதுவும் அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் இந்த மடலே இல்லை.

ஆசாரி அண்ணனுக்கு நன்றி. பூட்டு துருவேறி ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. உடைத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னோம். அண்ணன் விடவில்லை. சாவித்துவாரத்தில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திறந்தபோது, குடுமியில் நிற்கிற அந்தப் பெரிய கதவு ஒரு முனகலோடு நகர்ந்தது. கூலி என்று ஒரு ரூபாய் வாங்கவில்லை.

பாம்பு பிடிக்கும் தம்பிக்கும் நன்றி. ரேழியில் கால் வைத்ததுமே சட்டை உரித்துப் போட்டிருந்ததைக் காட்டி எங்களை அங்கேயே நிறுத்திவிட்டான். வண்டிக்கொட்டகையில் இருந்த நல்லபாம்பை அடிக்காமல் பிடித்து, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் விட்டு, ஆற்றங்கரைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். அதற்கப்புறம்தான் பெரியவர்களை உள்ளே விட்டான்.

வாட்ச்மேன் வீட்டு அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த வீட்டின் முன்வாசல் படியில் அவர்கள் ஒரு நாளும் ஏறியதில்லை. சின்ன வயதில் கொல்லைப்பக்கம் வந்து நின்று, களத்தில் கூலி நெல் வாங்கிக்கொண்டு போனதோடு சரி. அன்றைக்கும் படிக்குக் கீழே நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்துவிட்டு அந்த அக்கா, “போட்டுக்கிட்டே வாங்க பெரியம்மா, உள்ள கண்ணாடியா கெடக்கு” என்று அத்தையின் கையைப் பிடித்தார்கள். அத்தை என்னை ஒரு தடவை பார்த்தார்கள். அப்புறம் செருப்பைக் கீழே போட்டு, மாட்டிக்கொண்டு ஏறினார்கள்.

உள்ளே பார்த்ததை எல்லாம் எழுதினால் மடல் நீண்டுவிடும். முற்றத்தில் எருக்கு முளைத்து ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மேலே வௌவால். தாழ்வாரத்துத் தூண்கள் மட்டும் இன்னும் வழவழப்பாக இருக்கின்றன. கூடத்தை ஒட்டிய அறையில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் அப்படியே இருக்கிறது. உள்ளே நான்கைந்து பேர் நிற்கலாம், அவ்வளவு பெரியது. அடியில் நெல் தள்ளும் வாய்க்குப் பக்கத்துப் பலகையில் கரிக்கட்டையால் கோடு கோடாகப் போட்டிருந்தது. டார்ச் அடித்து எண்ணினேன். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. நான்கு கோடு, குறுக்கே ஒன்று. யாரோ மரக்கால் மரக்காலாக அளந்துபோட்ட கணக்கு. 12 மரக்கால் ஒரு கலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

தொண்ணூறைத் தாண்டிய எங்கள் தெருப் பெரியப்பாவுக்கு என்ன நன்றி சொல்ல! அவரைச் சேரில் வைத்து நான்கு பிள்ளைகள் தூக்கி வந்தார்கள். சிறு வயதில் அந்தப் பண்ணையில் மாடு மேய்த்தவர். கொல்லையில் மாட்டுக்கொட்டில் விழுந்துவிட்டது, கருங்கல் தூண் ஒன்று மட்டும் நிற்கிறது. கையால் அதைக் காட்டினார். “ஒங்க தாத்தன இதுலதான் கட்டுனாங்க. சம்பா நடவு. அன்னிக்கு விடியக்காலம் ஒங்க அத்த பொறந்துச்சு. மருத்துவச்சியக் கூட்டியாரப் போயிட்டு லேட்டா வந்தான். காரியக்காரர் கேக்கல.” காரியக்காரர் என்றால் மிராசுதாருக்காகப் பண்ணை வேலையை மேற்பார்வை பார்ப்பவர். எத்தனை அடி என்று நான் கேட்டேன். “நான் மாட்ட ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன் பாப்பா, நின்னு பாக்க முடியல” என்றார்.

தாத்தா முதுகில் இருந்த தழும்பை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வண்டிச் சக்கரம் கிழித்தது என்றுதான் கடைசிவரைக்கும் எங்களிடம் சொன்னார். தான் பிறந்த அன்றுதான் அது விழுந்தது என்று அத்தைக்கு அன்று வரை தெரியாது. அத்தை தூணின் மேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்கள். பெரியப்பா சொல்லாமல் போயிருந்தால் இந்தக் கதை அவரோடேயே போயிருக்கும். அவ்வளவு வயதில், அவ்வளவு வெயிலில் வந்து சொன்னாரே.

சங்கம் வந்த கதையையும் அவர்தான் சொன்னார். 1943-இல் தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் முதல் கிளை தொடங்கியதும், கன்னடத்துக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் இந்தப் பக்கத்துச் சேரிகளுக்கு வந்து பேசியதும், சங்கத் தலைவர்களில் ஒருவரான களப்பால் குப்புவின் பெயரும் புத்தகத்தில் நான் படித்தவைதான். ஆனால் பெரியப்பா அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், இன்னும் காரியக்காரர் பக்கத்தில் நிற்கிற மாதிரி.

கணக்கர் ஐயாவுக்கு என் தனிப்பட்ட வணக்கம். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் நோட்டுகள் பாதிக்கு மேல் கரையான் தின்று மண்ணாகிவிட்டன. மூன்று மட்டும் தேறின. எல்லாம் தமிழ் எண்கள். ஐயா திண்ணையில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வரிவரியாகப் படித்துச் சொன்னார். ௩ என்றால் 3, ௰ என்றால் 10. நிலவரிக் கணக்குக்கான பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்குகிற ஆங்கில ஆண்டு வந்துவிடும். அதன்படி முதல் நோட்டின் பசலி 1350 என்பது 1940 ஜூலையில் தொடங்குகிறது. நடுவில் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

நானும் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள்தான். பத்து வருஷமாகப் பற்று வரவைத் தவிர வேறு எதையும் பார்க்காதவள். தாத்தாவின் பக்கத்தை ஐயா படிக்கும்போது நான் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். கலியாணத்துக்கு நெல் வாங்கியது 3 கலம். ஒன்றுக்கு ஒன்றரை. ஆக அறுவடையில் கொடுக்க வேண்டியது நாலரைக் கலம். களத்தில் பிடித்தது ஒன்றரைக் கலம். மீதி 3 கலம். அடுத்த வருஷம் 3 கலம் மறுபடியும் நாலரை ஆகிறது, ஒன்றரை பிடிக்கிறார்கள், மீதி 3. அதற்கடுத்த இரண்டு வருஷமும் அப்படியே. நான்கு வருஷத்தில் தாத்தா கொடுத்தது 6 கலம், நிற்கிற பாக்கி 3 கலம். ஒரு இடத்தில்கூடக் கூட்டல் பிழை இல்லை. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஐயாவும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

சவுக்கைப் பற்றி எங்களுக்குத் தெரியும். இதுதான் தெரியாது. தாத்தா ஏன் ஓடிப்போகவில்லை என்று சின்ன வயதில் நான் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். அதை இப்போது நினைத்தாலும் வலிக்கிறது.

1952-இல் ராஜாஜி அரசு தஞ்சைக்கென்று பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கப்புறமும் எங்கள் பக்கம் லேசாக விடியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். கூலியை உயர்த்திக் கேட்டதில் வளர்ந்த தகராறு அது. குடியிருப்புச் சட்டம் வந்தது 1971-இல். தாத்தா இருந்த மனை அவர் பெயருக்கு ஆனது அந்தச் சட்டத்தால்தான். அந்தப் பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள். நோட்டுகளை அதோடுதான் வைத்தோம்.

இன்னும் சிலர் பாக்கி. பெரியப்பாவைச் சேரோடு தூக்கி வந்த பிள்ளைகள் நால்வருக்கும், ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துக் கொடுத்த ஸ்டுடியோக்காரத் தம்பிக்கும், இரண்டு நாளும் கேட்காமலேயே டீ கொண்டுவந்து வைத்த எதிர்வீட்டுத் தங்கச்சிக்கும் நன்றி. லீவை ஒரு நாள் கூட்டிக் கொடுத்த எங்கள் கணக்குப் பிரிவு மேடத்துக்கும்.

மறுபடியும் சென்னை அம்மாவுக்கு ஒரு வார்த்தை. நோட்டில் என்ன இருந்தது என்று போனில் சொன்னேன். தாத்தா கணக்கையும் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்கள். நோட்டுகளை எங்களிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டைப் பிரிக்கும்போது அந்தக் கல்தூணை மட்டும் எடுக்காமல் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் நன்றி அம்மா.

மூன்று நோட்டிலும் சேர்த்து 41 பேருக்குப் பக்கம் இருக்கிறது. பெயர்களைத் தனித்தாளில் எழுதி அத்தை வீட்டில் வைத்திருக்கிறேன். உங்கள் தாத்தாவோ பூட்டனோ அதில் இருக்கலாம். வந்து பாருங்கள், அந்தப் பக்கத்தை நகல் எடுத்துத் தருகிறேன். மாட்டுப் பொங்கல் அன்று நான் ஊரில் இருப்பேன். கணக்கர் ஐயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்போடும் நன்றியோடும்,
தாத்தாவின் மூத்த பேத்தி