எங்கே ஆரம்பிக்க என்று கேட்டிருந்தாய்

பாளையங்கோட்டை
ஐப்பசி, நல்ல மழை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு என் முழங்கால்தான் காரணம். மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணி காயப்போடும் வேலையை இவர் எடுத்துக்கொண்டார். கிளிப் போடச் சொன்னால் கேட்பதில்லை. நேற்று அடித்த காற்றில் பாதித் துணி பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் தொங்கியது. நம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். அதன் அடியில் நின்று நாம் திருக்குறள் ஒப்பித்ததும், ஒரு சீர் தப்பியதற்கு உனக்கு மட்டும் அடி விழுந்ததும் ஞாபகம் இருக்கிறதா? அந்த அடிதான் உன்னை நாற்பது வருஷம் தமிழ்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கவிடவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்கார அண்ணன் தவறியபிறகு சாயங்காலம் ரொம்ப நீளமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கவிதை, தத்துவம், கதை எல்லாம் வாசிக்க ஆசை, எங்கே ஆரம்பிக்க என்று கேட்டிருக்கிறாய். கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே புத்தகக் கண்காட்சியில் வாங்கிய பட்டியலையும் போட்டிருக்கிறாய். கம்பராமாயணம் முழு செட்டு, இந்தியத் தத்துவம் பற்றி இரண்டு தடித்த வால்யூம், தலையணை கனத்தில் ஒரு ரஷ்ய நாவல். மூன்றிலும் இருபது பக்கம் தாண்டவில்லை, மூளை மழுங்கிவிட்டது போல என்கிறாய். ஏட்டி, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் பட்டினி கிடந்தவளுக்குக் கஞ்சிதான் கொடுப்பார்கள். நீ நேரே கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டாய்.

நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். ரிட்டயர் ஆன கையோடு கம்பனை முதல் பாட்டிலிருந்து தினம் ஐந்து பாட்டு என்று ஆரம்பித்தேன். பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு. அந்தக் கணக்கில் முடிக்க ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும், பரவாயில்லை என்று ஒரு வீம்பு. ஆற்றுப் படலத்தில் சரயு ஓடுகிறது. நாட்டுப் படலத்தில் கோசல நாடு. அடுத்தது நகரப் படலம். ராமன் இன்னும் பிறக்கவே இல்லை. நகரப் படலத்தில் நான் பிரயாணத்தை முடித்துக்கொண்டேன். ஒரு வருஷம் கழித்து ஒரு பட்டிமன்றத்தில் யாரோ குகன் ஓடம் விடுகிற பாட்டைச் சொன்னார்கள். “விடுநனி கடிதென்றான்” என்று தொடங்குமே, அது. வீட்டுக்கு வந்து அயோத்தியா காண்டத்தைத் திறந்து அந்தப் பாட்டைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். துடுப்பு தண்ணீரில் விழுந்து எழும்புகிற தாளம் அப்படியே காதில் கேட்டது. அன்றைக்குத்தான் நான் கம்பனுக்குள் போனேன். முதல் பக்கத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ராமாயணத்தில் உனக்குக் கதை தெரியாத இடம் ஏது? பிடித்த இடத்தில் இறங்கு.

உனக்கு வெட்கமாக இருந்தால் தமிழ்த் தாத்தா உ.வே.சா. கதையைக் கேள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர். 1880-இல் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியர் ஆகிவிட்டார், வயது இருபத்தைந்து. அந்த ஊருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னவெல்லாம் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவரும் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று மூச்சுவிடாமல் பட்டியல் போடுகிறார். முதலியார் அசரவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். படித்ததில்லை. பிறகு சுவடி கைக்கு வந்தது, ஆனால் அதில் வரும் சமணக் கருத்துகள் பிடிபடவில்லை. காலேஜில் பாடம் நடத்துகிறவர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து, இது என்ன, அது என்ன என்று மாணவன் மாதிரி கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887-இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். இதை எல்லாம் மறைக்காமல் ‘என் சரித்திரம்’ புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கிழவருக்கே புரியாமல் இருந்திருக்கிறது என்றால் நமக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

ஆகவே கம்பராமாயணத்தைக் கொஞ்சநாள் அலமாரியில் தூங்கவிடு. குறுந்தொகையில் ஆரம்பி. அநேகமாக ஒவ்வொரு பாட்டும் நாலு வரியிலிருந்து எட்டு வரிக்குள் முடிந்துவிடும். அதிலும் முதலில் 167-ஆம் பாட்டு. நாம் இத்தனை வருஷம் செய்த வேலையைப் பற்றியது என்பதால் சொல்கிறேன். எழுதியவர் கூடலூர் கிழார்.

புதிதாகக் குடித்தனம் வைத்த பெண். செவிலித்தாய் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்றவளிடம் சொல்கிறாள். அந்தப் பெண் தயிரை விரலால் பிசைகிறாள். பிசைந்த கையைக் கட்டியிருக்கிற சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள். துவைக்காமல் அதையே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவித் துழாவி ஒரு புளிக்குழம்பு வைக்கிறாள். நாம் வைக்கிற மோர்க்குழம்புக்குப் பாட்டி என்று வைத்துக்கொள். புருஷன் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறான். கடைசி இரண்டு வரி இது:

“இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே”

அவ்வளவுதான் பாட்டு. ‘நுண்ணிதின்’ என்ற சொல்லில் கொஞ்சம் நில். அவள் சிரித்ததாகச் சொல்லவில்லை, வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதாகவும் இல்லை. முகத்தில் ஏதோ ஒன்று லேசாக மாறியது, அதைக் கண்டுபிடிக்க வளர்த்தவள் கண்தான் வேண்டியிருந்தது. அடுக்களையில் வேலைக்காரி கிடையாது, சேலை அழுக்கு, கண் எரிச்சல், எல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். வந்து சொல்லும்போது கடைசியாகச் சொல்வது அந்த முகத்தைத்தான். இதைக் கேட்ட பெற்றவள் என்ன நினைத்திருப்பாள்? பாட்டில் அது இல்லை. என் மகள் கல்யாணமாகிப் போன புதிதில் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தபோது, பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு இந்தப் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பாட்டில் வரும் ‘குய்’ என்றால் தாளிப்பு என்று உரையைப் பார்த்துத்தான் எனக்கும் தெரியும். முதலில் இரண்டு தடவை பாட்டை வாய்விட்டு வாசி, புரியாவிட்டாலும் சரி. அப்புறம் உரை. அப்புறம் மறுபடி பாட்டு. உரையை மட்டும் வாசித்துவிட்டுப் பாட்டை விட்டுவிடாதே, அது சாப்பிடாமல் மெனுவை மட்டும் படித்த கதை. வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். நான் ஒரு துண்டுத் தாளில் எழுதி பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிவிடுவேன். பால் எடுக்கும்போது ஒரு தரம், தயிர் வைக்கும்போது ஒரு தரம் கண்ணில் படும். ஐந்தாம் நாள் தாள் வேண்டியிருக்காது. பாட்டை வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதை ரசிகமணி டி.கே.சி. நம் திருநெல்வேலியில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தை நடத்தி ஊருக்கே காட்டியவர். நாம் இந்த ஊரிலேயே வளர்ந்துவிட்டு, பாட்டை மனசுக்குள் முணுமுணுத்தே பரீட்சை எழுதினோம்.

தத்துவத்துக்கு அந்தத் தடித்த வால்யூம்களை இப்போதைக்குத் தொடாதே. யார் எந்த நூற்றாண்டில் என்ன சொன்னார் என்று தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? உனக்குள் ஏற்கெனவே ஒரு கேள்வி கிடக்கிறது, கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு புறநானூற்றில் 194-ஆம் பாட்டைப் படி. ஏழே வரி. பக்குடுக்கை நன்கணியார் என்பவர் பாடியது. ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. ஒருத்தி பூச்சூடியிருக்கிறாள், பிரிந்தவளின் கண்ணில் நீர் நிற்கவில்லை. இப்படிப் படைத்தானே, அவன் ‘பண்பிலாளன்’ என்கிறார். கடவுளைப் பார்த்து நேருக்கு நேராக, பண்பு கெட்டவன் என்று. “இன்னாது அம்ம, இவ்வுலகம்” என்று சொல்லிவிட்டு, இதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியதைக் கண்டுகொள்ளுங்கள் என்று முடிக்கிறார்.

போன மாதம் எங்கள் தெருவில் இதை அப்படியே பார்த்தேன். மேலக் கோடியில் ஒரு பாட்டி தவறிவிட்டார், கொட்டு அடிக்கிறார்கள். கீழக் கோடியில் சடங்கு வீடு, ரேடியோ செட்டு அலறுகிறது. யாரோ போய்ச் சொல்ல, சத்தத்தைக் குறைத்தார்கள், நிறுத்தவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் எங்கள் வீடு. எனக்கு அந்த ஏழு வரியும் புரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தக் கடைசி வரி ஆறுதலா, அதட்டலா என்று இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை. நீ படித்துவிட்டு எழுது. இந்த விஷயத்தில் உனக்கு என்னைவிட அதிகம் தெரியும்.

வாதம் பண்ணுகிற தத்துவம்தான் வேண்டும் என்றால் மணிமேகலை இருக்கிறது. 27-ஆம் காதையில் அவள் வேடம் மாற்றிக்கொண்டு வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியாகப் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கண்ணால் காண்பதைத் தவிர வேறு எதையும் ஒப்பமாட்டேன் என்கிறான் பூதவாதி. அப்படியானால் உன் தாய் தகப்பன் இன்னார் என்று ஊகிக்காமல் எப்படி அறிந்தாய் என்று கேட்டுச் சிரிக்கிறாள். முழுசாகப் படிக்க அந்தக் காதை சிரமம்தான், ஒளிக்கவில்லை. பூதவாதியை மட்டும் தேடிப் படித்துவிட்டு வந்துவிடு.

கதைக்குப் புதுமைப்பித்தன். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. பூமிக்கு வந்த கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை காப்பி ஹோட்டலுக்குக் கூட்டிப் போகிறார். காப்பியைக் குடித்துவிட்டுக் கடவுள் பூரித்துப்போய்த் தன் லீலை என்கிறார். உம்முடைய லீலை இல்லை, ஹோட்டல்காரன் லீலை, சிக்கரிப் பொடி போட்டிருக்கிறான் என்கிறார் பிள்ளை. ராத்திரி தனியாகப் படிக்காதே, சிரிப்புச் சத்தம் கேட்டு உன் மருமகள் ஓடிவருவாள். அது முடிந்ததும் ‘செல்லம்மாள்’. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இப்போது வேண்டாம் என்று தோன்றினால் தள்ளிவை, ஆறு மாதம் கழித்துப் படி.

ரஷ்யக்காரர்களை விடமாட்டேன் என்றால் தஸ்தயேவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ சின்னது, நாலு ராத்திரியும் ஒரு காலையும்தான். தலையணை நாவலைத் தலையணையாகவே வைத்துக்கொள். காவியம் படிக்காமல் என்ன இலக்கியம் என்று உன் சம்பந்தி சொன்னாராமே, அவரிடம் திருக்கோணமலையில் பிறந்த பிரமிள் ‘காவியம்’ என்ற தலைப்பில் எழுதிய கவிதையைக் காட்டு. ஒரே ஒரு வாக்கியம், சிறகிலிருந்து உதிர்ந்த ஓர் இறகைப் பற்றி.

‘படித்தே ஆகவேண்டிய நூறு புத்தகம்’ என்று வாட்ஸப்பில் வரும் பட்டியல்களை அழித்துவிடு. போட்டவர்களே படித்திருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

வாங்குவதிலும் கவனம். போன வருஷம் நான் ஆன்லைனில் ஒரு பழைய உரைப் புத்தகம் வாங்கினேன். யாரிடம் என்று சொல்லவில்லை, வயிற்றெரிச்சல்தான் மிச்சம். எழுத்தெல்லாம் மங்கிய நகல், நடுவில் பதினாறு பக்கம் தலைகீழாகத் தைத்திருந்தது. திருப்பி எடுக்கமாட்டார்களாம். அதனால் முதலில் உங்கள் ஏரியா கிளை நூலகத்தில் கேட்டுப் பார். சங்கப் பாட்டெல்லாம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. பேத்தியிடம் சொன்னால் போனில் எடுத்துக் கொடுத்துவிடுவாள், எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுப்பாள்.

குறுந்தொகையை மட்டும் தேடாதே. என்னுடையதையே நாளைக்கு இவர் கையில் கொடுத்துப் தபாலில் அனுப்புகிறேன். எனக்கு வேண்டியது மனசில் இருக்கிறது, மிச்சத்துக்கு வேறு வாங்கிக்கொள்கிறேன். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பேன், கண்டுகொள்ளாதே. 167-ஆம் பாட்டு இருக்கும் பக்கத்தில் ஒரு பெரிய மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். பழைய புத்தகக் கடையில் வாங்கியது போல என்று நினைத்துவிடாதே, அது என் கைதான்.

அன்புடன்,
உன் கோமு