2027 டிசம்பர் 31க்கு முன் ஒரே தாளில் 24 கையெழுத்து: ரீயூனியன் மேயர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரான்சின் கடல்கடந்த மண்டலமான ரீயூனியன் தீவின் 24 கொம்யூன் (நகராட்சி) மேயர்களுக்கும், சினோர், தெசேஓ, சிவிஸ், காசுத், சிரெஸ்ட் ஆகிய ஐந்து கொம்யூன் கூட்டமைப்புகளின் தலைவர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலின் பிரெஞ்சு வடிவம் உங்கள் அலுவலகங்களுக்கு வருகிறது. சேன் ஆந்த்ரே முதல் சேன் பியேர் வரை தமிழ் படிக்கும் குடும்பங்கள் தங்கள் ஊர் மேயரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ளட்டும் என்று தமிழிலும் வைக்கிறோம். எழுதுகிற நாங்கள் கொம்யூன் கணக்கிலும் சட்ட வேலையிலும் பழகியவர்கள்.

பேச வந்தது நீங்கள் 24 பேரும் சேர்ந்து பாரீசுக்கு அனுப்ப வேண்டிய ஒரு கோரிக்கைத் தாள் பற்றி. அதன் மையம் ஒக்த்ருவா தெ மேர். தீவுக்குள் வரும் சரக்குக்கும், இங்கேயே உற்பத்தியாகும் சரக்குக்கும் போடப்படும் வரி அது. விகிதத்தை வைப்பது மண்டல மன்றம். வசூலிப்பது சுங்கத்துறை. பணத்தின் பெரும்பகுதி வந்து சேருவது கொம்யூன்களுக்கு. ஐந்து கடல்கடந்த மண்டலங்களையும் சேர்த்துப் பார்த்தால், கொம்யூன்களின் நடப்பு வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த வரிதான். பள்ளிச் சமையலறை ஊழியர் சம்பளம், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் எல்லாம் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

உள்ளூர்ச் சரக்குக்கு விலக்கோ குறைந்த விகிதமோ கொடுக்க நமக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் அனுமதி வேண்டும். இப்போதுள்ள அனுமதி 2021 ஜூன் 7 அன்று ஒன்றியத்தின் அமைச்சர்கள் மன்றம் எடுத்த 2021/991 எண் முடிவு. ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தம் 349ஆம் பிரிவில் நிற்கும் அந்த முடிவு 2027 டிசம்பர் 31 அன்று காலாவதியாகிறது. அதற்கு முன் புதிய முடிவு வராவிட்டால் உள்ளூர்ச் சரக்குக்கும் இறக்குமதிச் சரக்குக்கும் ஒரே விகிதம் போட வேண்டிவரும். அப்போது மண்டலத்துக்கு இரண்டே வழி: உள்ளூர் உற்பத்தியாளர் மேல் சுமையை ஏற்றலாம், அல்லது இறக்குமதி விகிதத்தை இறக்கிக் கொம்யூன் வரவை வெட்டலாம்.

இதற்கு முந்தைய 2014ஆம் ஆண்டு முடிவு 2020 இறுதியில் முடிந்திருக்க வேண்டியது. நேரத்துக்குப் புதியது தயாராகாமல் 2021 இறுதிவரை நீட்டினார்கள். இந்த முறையும் நீட்டுவார்கள் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் உட்காருவது ஆபத்து என்பது எங்கள் கணிப்பு. 2024 மார்ச்சில் பிரெஞ்சுக் கணக்குத் தணிக்கை நீதிமன்றம் இந்த வரியை விலைவாசியை ஏற்றுவது, சிக்கலானது என்று கடுமையாகக் குறை கூறிச் சீர்திருத்தம் கேட்டது. அதே ஆண்டு மார்த்தினிக்கில் விலைவாசிப் போராட்டம் தெருவுக்கு வந்தது. இனி வரப்போகும் பேச்சு கால நீட்டிப்போடு நிற்காது. வரியே வேண்டுமா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வரும்.

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல, வரி எப்படி விலையில் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் உளுந்து ஒரு மூட்டை, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து லெ போர் துறைமுகத்தில் 100 யூரோ என்று வைத்துக்கொள்வோம். ஒக்த்ருவா 4 சதவீதம், மண்டலத்துக்குச் சேரும் மண்டல ஒக்த்ருவா 2.5 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். உண்மை விகிதம் சரக்கின் சுங்கக் குறியீட்டைப் பொறுத்தது. வரி 6.50 யூரோ. மதிப்புக்கூட்டு வரியான தேவேஆவைப் போல இதை வியாபாரி பின்னால் கழித்துக்கொள்ள முடியாது. அதனால் அவருக்கு அடக்கவிலையே 106.50 ஆகிவிடுகிறது. அதன்மேல் 30 சதவீதம் லாபம் வைத்தால் 138.45. வரி இல்லாதிருந்தால் 130. ஆக 6.50 யூரோ வரி, கடை மேசைக்கு வரும்போது 8.45 ஆகிறது. அதற்குமேல் உணவுக்கான 2.1 சதவீதத் தேவேஆவும் ஏறி 8.63. இந்த 8.63ல் 6.50 பொதுக் கருவூலங்களுக்கு வரும் ஒக்த்ருவா, 1.95 வியாபாரச் சங்கிலியில் தங்குகிறது. விலைச்சீட்டில் இதில் ஒரு காசும் தெரியாது. கோபம் முழுவதும் கொம்யூன் மேல் விழுவதற்கு இந்த மறைவும் ஒரு காரணம்.

ஆகவே வரியை அப்படியே காப்பாற்றுங்கள் என்று மட்டும் கேட்கும் தாள் எடுபடாது. எங்கள் முன்மொழிவில் மூன்று கோரிக்கை இருக்கின்றன.

முதலாவது, 2027க்குப் பின்னும் அனுமதி தொடர வேண்டும். வரி மாற்றப்பட்டால் அதற்கு ஈடாக வருவது வளரும் வருமானமாக இருக்க வேண்டும். நிலையான தொகையை ஏற்கக் கூடாது என்பதற்கு நாட்டு வரலாறே சாட்சி. தொழில் வரி 2010ல் போனது. முதன்மை வீட்டுக்கான குடியிருப்பு வரி 2023ல் முழுதும் போனது. ஒவ்வொரு முறையும் ஈடு தருவதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் தன் வரவின் மேல் கொம்யூனுக்கு இருந்த பிடி தளர்ந்தது. ஈட்டின் கணக்கீட்டு முறை சட்டத்திலேயே எழுதப்படாவிட்டால், அடுத்தடுத்த ஆண்டு நிதிச் சட்டங்களில் அது கரையும்.

இரண்டாவது, மொத்த வியாபார விலைப்பட்டியலில் ஒக்த்ருவா தனி வரிசையில் காட்டப்பட வேண்டும். அடிப்படை உணவுப் பொருள்களின் பட்டியல் ஒன்றுக்கு விகிதத்தைச் சுழியமாக்கி, அதனால் குறையும் வரவை மண்டல வளர்ச்சி, வேலைவாய்ப்பு நிதியிலிருந்து ஈடுகட்டலாம். அந்த நிதியில் ஐந்தில் நான்கு பங்கு கொம்யூன்களுக்குப் போகிறது என்பதால், நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் இது நடக்காது. இது மேயர்களுக்குள் கடும் பேச்சைக் கிளப்பும் என்பது தெரியும். தாளை அனுப்புவதற்கு முன்பே அதைப் பேசி முடியுங்கள். பாரீசில் அமைச்சர் முன்னால் உட்கார்ந்து தகராறு செய்தால் எதிர்த்தரப்புக்குத்தான் ஆதாயம்.

மூன்றாவது வேறு விஷயம், ஆனால் அதே கைகள் கையெழுத்திட வேண்டியது: ஆறும் ராவினும் (மலை ஓடை). நம் தீவில் நீரோட்டங்கள் அரசின் பொதுச் சொத்து. ஆனால் 2018 ஜனவரி 1 முதல் வெள்ளத் தடுப்புப் பொறுப்பு கூட்டமைப்புகளின் தலையில் இருக்கிறது. மாத் ஆற்றில் மணலும் பாறையும் மேடுகட்டினால் அப்புறப்படுத்துவது யார் என்ற கேள்விக்கு உரிமையாளரும் பொறுப்பாளரும் ஒருவரையொருவர் கைகாட்டும் நிலை வருகிறது. இதற்காகப் போடக்கூடிய ஜெமாபி வரிக்கு உச்சவரம்பு தலைக்கு ஆண்டுக்கு 40 யூரோ. சிரெஸ்ட் பகுதியில் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் மக்கள். உச்சம் முழுவதையும் போட்டாலும் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் யூரோதான். அதில் 6 கொம்யூன், சலாசியின் செங்குத்து மலைச்சரிவு, கரையோர வெள்ளச் சமவெளி எல்லாம் அடங்க வேண்டும். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி 28ல் காரான்ஸ் புயல் வந்தபின் இந்தத் தொகை போதாது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அரசுச் சொத்தான ஆற்றுப்படுகையின் கனரகச் சுத்திகரிப்புக்கு அரசே பணம் தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வாக்கியம் சேர்க்கக் கேட்கிறோம்.

இனி, வழி. இங்கேதான் நல்ல கோரிக்கைகள் சாகின்றன.

கொம்யூன் மன்றம் உள்ளூர் நலன் சார்ந்த எதைப் பற்றியும் கோரிக்கைத் தீர்மானம் நிறைவேற்றலாம். ஆனால் நடைமுறையிலுள்ள சட்டத்தையோ ஆணையையோ திருத்தும்படி நேரடியாகப் பிரதமருக்கு முன்மொழிவு அனுப்பும் உரிமையைச் சட்டம் கடல்கடந்த மண்டல மன்றத்துக்கும் மாவட்டம் போன்ற திணைக்களத்தின் மன்றத்துக்கும்தான் தந்திருக்கிறது. கொம்யூனுக்கு அந்தக் கதவு இல்லை. எனவே 24 தீர்மானங்களும் ஒரே வாசகமாக இருந்து, அந்த வாசகத்தையே மண்டலமும் திணைக்களமும் தங்கள் பெயரில் நிறைவேற்றி அனுப்ப வேண்டும். வாசகம் ஊருக்கு ஊர் ஒரு சொல் மாறினாலும், எந்த வடிவத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று அமைச்சக அதிகாரி கேட்பார். அங்கேயே ஒரு பருவம் போய்விடும்.

அரசியலமைப்பு 73ஆம் பிரிவில் ரீயூனியனுக்கு மட்டும் உள்ள தடையை இந்த விவாதத்துக்குள் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். 2003ல் சேன் ஆந்த்ரேயின் ழான் போல் விரப்புல்லே கொண்டுவந்த திருத்தத்தின்படி, இங்குள்ள திணைக்களமும் மண்டலமும் சட்டத்துறை விஷயங்களில் தாங்களே விதி வகுக்கும் அதிகாரத்தைப் பெற முடியாது. அது சரியா தவறா என்பதில் எங்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. நம் மூன்று கோரிக்கைகளுக்கும் அந்த அதிகாரம் தேவையில்லை. பிரதமருக்கான முன்மொழிவும், நாடாளுமன்றத் திருத்தமும் போதும்.

நாடாளுமன்றத்தில் நமக்கு ஏழு பிரதிநிதிகள், நான்கு செனட்டர்கள். அவர்களிடம் வெறும் கோரிக்கைக் கடிதம் கொடுத்தால் பயனில்லை. பிரிவு எண்ணோடும் பத்தி எண்ணோடும் எழுதிய திருத்த வாசகம் கொடுக்க வேண்டும். அரசியலமைப்பு 40ஆம் பிரிவு இங்கே முள். உறுப்பினர் கொண்டுவரும் திருத்தம் பொது வருமானத்தைக் குறைத்தால், வேறொரு வரியில் ஈடு காட்ட வேண்டும். வழக்கமாகப் புகையிலை வரியைக் காட்டுவார்கள். பொதுச் செலவைக் கூட்டினால் ஈடு காட்டியும் பயனில்லை, விவாதத்துக்கே வராமல் தள்ளுபடியாகும். ஆற்றுப்படுகைச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்ற நம் மூன்றாவது கோரிக்கை இதில்தான் மாட்டும். அதை உறுப்பினர் திருத்தமாகக் கொடுக்காதீர்கள். அரசாங்கமே கொண்டுவர வேண்டிய திருத்தமாகப் தீவில் அரசின் பிரதிநிதியான பிரெஃபெ வழியாகவும் அமைச்சகம் வழியாகவும் தள்ளுங்கள். முதல் கோரிக்கையின் கணக்கீட்டு முறையையும் ஒரு நிதிச் சட்ட வழக்கறிஞர் இதே கண்ணால் படித்துப் பார்க்கட்டும்.

நிதி மசோதா அக்டோபர் முதல் செவ்வாய்க்குள் வைக்கப்படும். 2026ல் அது அக்டோபர் 6. முழு விவாதத்துக்கும் நாடாளுமன்றத்துக்கு 70 நாள்தான். செப்டம்பர் நடுவில் வாசகம் 11 பேர் கையிலும் இருந்தால்தான் அக்டோபரில் குழுவில் வரும். 2027 வசந்தத்தில் குடியரசுத் தலைவர் தேர்தல். அந்தச் சில மாதங்களில் பாரீசில் யாரும் எதிலும் கையெழுத்திடுவது கடினம். பிரசெல்சில் முந்தைய முடிவு, அமலுக்கு வர ஆறு மாதம் இருக்கும்போதுதான் எட்டப்பட்டது. அதற்கும் முன்பே ஐரோப்பிய ஆணையத்தின் முன்மொழிவு, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் கருத்து எல்லாம் முடிந்திருக்க வேண்டும். 2026 மார்ச்சில் மக்கள் தேர்ந்தெடுத்த உங்களுக்கு ஆறு ஆண்டு பதவிக்காலம் இருக்கிறது. இந்த வேலைக்கு உள்ள காலம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே ஐந்து கூட்டமைப்பும் தலா ஒரு நிதி அலுவலரையும் ஒரு சட்ட அலுவலரையும் தரட்டும். பத்துப் பேர் போதும். முதல் வேலை ஒரே அட்டவணை. 2024 ஜனவரி 1 முதல் எல்லாக் கொம்யூனும் எம்57 கணக்குமுறைக்கு வந்துவிட்டதால் ஒப்பிடுவது முன்பைவிட எளிது. ஒக்த்ருவா வரவு, உண்மையான நடப்பு வருமானத்தில் அதன் பங்கு, 012ஆம் அத்தியாயத்தில் உள்ள ஊழியர் செலவு, மொத்தச் சேமிப்பு: 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டுக்கு இந்த நான்கு எண் போதும். வரவில் ஐந்து சதவீதம் குறைந்தால் எந்தக் கொம்யூனின் சேமிப்பு மைனஸாகும் என்று ஐந்தாவது பத்தி. தாளில் அமைச்சர் கண் நிற்கப்போவது அந்தப் பத்தியில்தான். சில ஊர் மேயர்கள் தங்கள் நிலைமை வெளியே தெரிய வேண்டாம் என்று தயங்கலாம். தயங்கி விடுபட்ட ஒரே ஒரு கட்டம் அட்டவணை முழுவதையும் சந்தேகத்துக்குரியதாக்கும்.

பிறகு தீர்மானம். நம் தீவில் 3,500 பேருக்குக் குறைந்த கொம்யூன் கிடையாது. ஆகவே எல்லா மன்றத்துக்கும் ஐந்து முழு நாள் முன்னறிவிப்பும் விளக்கக் குறிப்பும் கட்டாயம். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் தீர்மானம் நீதிமன்றத்தில் அடிபடும். எல்லா மன்றமும் ஒரே பதினைந்து நாளுக்குள் கூடட்டும். மேயர்கள் சங்கம் தேதியை ஒருங்கிணைக்கலாம். தாள் அனுப்பப்படும் வரை எந்த மேயரும் தனிக்கடிதம் எழுத வேண்டாம், தொலைக்காட்சியில் தனி எண் சொல்ல வேண்டாம். ஏதாவது ஒரு கோரிக்கையில் உடன்படாத மன்றம் அந்தக் கோரிக்கையை மட்டும் விலக்கி வாக்களிக்கட்டும். மற்ற இரண்டில் அதன் வாக்கு எண்ணப்படட்டும்.

குவாதலூப், மார்த்தினிக், பிரெஞ்சு கயானா, மயோத் மேயர்களுக்கும் அதே அட்டவணைப் படிவத்தை அனுப்பிவையுங்கள். பிரசெல்ஸ் முடிவு ஐந்து மண்டலத்துக்கும் சேர்த்து ஒன்றே. நம் எண்கள் அவர்கள் எண்களோடு ஒரே வடிவில் போய்ச் சேர்ந்தால், ஆணையத்தின் அதிகாரி இரண்டு வகைக் கணக்கை வைத்துக்கொண்டு குழம்ப வேண்டியிருக்காது. ஆண்டுதோறும் நவம்பரில் பாரீசில் நடக்கும் மேயர்கள் மாநாட்டுக்கு எப்படியும் போகிறீர்கள். 2026 மாநாட்டிலேயே ஐந்து மண்டலத்து மேயர்களும் இந்தப் படிவத்தோடு ஒரு அறையில் உட்காரலாம்.

தீர்மான வரைவும் அட்டவணைப் படிவமும் பிரெஞ்சு வடிவத்தோடு இணைத்திருக்கிறோம். உங்கள் அடுத்த மன்றக் கூட்ட நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்த்து, கூட்டத் தேதியை மேயர்கள் சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.

மரியாதையுடன்,
ரீயூனியன் வாழ் தமிழர் சிலர்