பாறை தட்டாத கடக்கால்

கடலூர்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் மகன் வீட்டுக்குக் கடக்கால் வேலை தொடங்கியது. முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே, கட்டிலைக் கீழே இறக்கிப் போடச் சொல்.

கெடிலம் ஆற்றை ஒட்டிய மனை என்பதால் பைல், அதாவது ஆழத் துளையிட்டு இறக்கும் கான்கிரீட் கம்பம், போடச் சொல்லிவிட்டார் இன்ஜினியர். துளையிலிருந்து முதலில் மணல் வந்தது, அப்புறம் கறுப்புக் களி, மறுபடி மணல். பாறை தட்டவே இல்லை. மேஸ்திரியைக் கேட்டேன். "இங்க ஏது சார் பாறை? சுத்தி இருக்கிற மண்ணே இறுக்கிப் புடிச்சுக்கும்" என்றார். விரலில் ஒட்டிய களியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன். இத்தனை வருஷமாக நாம் மல்லுக்கட்டும் கேள்வி அந்தக் குழிக்குள் கிடந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில், வேறெதையும் சாராத ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பது உன் கட்சி. அதற்கு, பொருளெல்லாம் அணுக்களால் ஆனவை என்ற பழைய இந்தியத் தத்துவக்காரர்களான வைசேஷிகர்களைத் துணைக்கு அழைப்பாய். முடிவே இல்லாமல் பிளக்கலாம் என்றால் கடுகிலும் எண்ணற்ற துண்டு, மேருவிலும் எண்ணற்ற துண்டு. இரண்டும் ஒரே அளவாகிவிடும், ஆகவே அதற்கு மேல் பிளக்க முடியாத பரமாணுவில் நின்றாக வேண்டும். அழகான வாதம். ஆனால் ஒரு சாண் கோட்டையும் ஒரு முழக் கோட்டையும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகலாம். அதனால் சாண் முழமாகிவிடுவதில்லையே.

உன் கைமாற்றுக் கணக்குதான் என்னைத் தூங்கவிடாதது. நான் உன்னிடம் வாங்கிய நூறு ரூபாயை நீ இன்னொருவரிடம் வாங்கினாய், அவர் வேறொருவரிடம். யாரோ ஒருவரிடம் சொந்தப் பணமாக இல்லாமல் அது என் கைக்கு எப்படி வந்தது என்பாய். ஒன்று 'இருக்கிறது' என்கிறோமே, அந்த இருப்பு பணம்போலக் கைமாறும் பொருள்தானா? பைலைத் தாங்கும் பிடிப்பை எந்த மண்ணும் சேர்த்து வைத்திருக்கவில்லை. கம்பமும் மண்ணும் உரசும் இடத்தில் அது பிறக்கிறது. எதுவும் தனித்து இல்லை, மற்றவற்றைச் சார்ந்தே உண்டாகிறது என்று பௌத்த ஞானி நாகார்ஜுனர் சொன்ன 'சார்ந்து தோன்றுதல்' எனக்கு இப்போதுதான் பிடிபடுகிறது.

விஞ்ஞானம் உன் பக்கம் என்றும் நினைக்காதே. 1897இல் எலக்ட்ரான், 1911இல் அணுக்கரு, 1964இல் அணுக்கருத் துகள்களுக்கும் உள்ளே குவார்க் என்ற இன்னும் சிறிய துகள் உண்டு என்ற கருத்து என்று தரை இறங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறது. எலக்ட்ரானையும் குவார்க்கையும் யாரும் இன்னும் பிளக்கவில்லை, நிஜம். அது இன்றுவரைக்குமான கணக்கு. அடித்தளம் உண்டு என்பதற்குச் சான்று போதாது என்று தத்துவ அறிஞர் ஜோனதன் ஷாஃபர் 2003இல் வாதிட்டது இதனால்தான்.

அந்த மணலுக்கும் களிக்கும் கீழே, வெகு ஆழத்தில், பாறை இருக்கத்தான் செய்கிறது என்று நீ எழுதுவாய். ஒப்புக்கொள்கிறேன். அது இருந்தே ஆக வேண்டுமா, இருக்க நேர்ந்ததா என்பதையும் சேர்த்து எழுது.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கூட்டத்தில் உன் முட்டி தாங்காது. ஒரு வாரம் முந்தியே வந்துவிடு.

அன்புடன்,
சேகர்