தண்ணீர்ப் பந்தலுக்கு வரும் பேலட்டுகள்: பந்தல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கில் ஜாலான் உத்தாமாவிலும் தண்ணீர்மலைக்குப் போகும் வழியிலும் தைப்பூசத்துக்குப் பந்தல் போடும் குழுவினருக்கு,

வணக்கம். பிறையில் பழைய மரப் பேலட்டுகளை, அதாவது சரக்கு அடுக்க அடியில் போடும் பலகைத் தட்டுகளை, வாங்கி, உடைந்த பலகையை மாற்றி விற்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். தைப்பூசம் நெருங்கினால் உங்கள் தம்பிமார் லாரியோடு வந்து நிற்பார்கள். "அண்ணே, சும்மா கிடக்கிற பேலட் இருந்தா கொடுங்க." கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் எத்தனை கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். இதன்மேல் இதுவரை என்ன ஏற்றினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

பந்தலில் பேலட்டுக்கு எத்தனை வேலை! அரிசி மூட்டை அதன்மேல், தண்ணீர்ப் பெட்டி அதன்மேல், காய்கறிக் கூடை அதன்மேல். சேறாக இருந்தால் நடக்க அதுதான் தரை. கடைசியில் உடைத்து அடுப்பிலும் வைக்கிறார்கள். எல்லா வேலைக்கும் ஒரே பேலட் ஆகாது. ஒவ்வொரு தொழிலும் தன் தேவைக்கு ஏற்றபடிதான் பேலட்டைச் செய்கிறது, அதன்படியே அதைக் கெடுக்கவும் செய்கிறது.

மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கும் பாயான் லெப்பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். சிப் செய்யும் சுத்த அறைக்குள் மரத்தை விடவே மாட்டார்கள். மரத்தூளும் ஈரமும் அங்கே ஆகாது, அதனால் உள்ளே பிளாஸ்டிக்தான். மரப் பேலட் சரக்கு ஏற்றும் வாசலோடு நின்றுவிடும். அந்தச் சரக்கும் பெரும்பாலும் விமானத்தில் போவது, எடைக்கு எடை காசு. ஆகவே மெல்லிய பலகையிலோ ஒட்டுப்பலகையிலோ செய்வார்கள். எங்கள் பட்டறைக்கு வருவதில் சுத்தமானவை இவைதான், ஆனால் பலம் கிடையாது. 1.5 லிட்டர் போத்தல் 12 கொண்ட பெட்டியில் தண்ணீர் மட்டுமே 18 கிலோ. நாற்பது பெட்டி அடுக்கினால் 720 கிலோ. மெல்லிய பேலட் அதைத் தாங்காது. நடுப்பலகை முறிந்தால் அடுக்கு அப்படியே வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மேல் சாயும்.

வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்த அடித்தளங்கள் வேறு ரகம். கனமான பைன் கட்டை. நடைதரைக்கும் மேடைக்கு அடியிலும் போட இதைவிட நல்லது கிடையாது. பலகைகளுக்கு இடையில் கால் நுழையும் இடைவெளி இருக்கும், மேலே ஒட்டுப்பலகை விரித்துவிடுங்கள்.

பிறைப் பக்கம் வந்தால் கதை கலப்படம். சர்க்கரை, மாவு மூட்டை சுமந்தவையும் வரும், உரமும் ரசாயனப் பீப்பாயும் சுமந்தவையும் வரும். பலகையில் வட்டமாகக் கறை இருந்தால் பீப்பாய் உட்கார்ந்த இடம் அது. அதைச் சமையல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மீன், கோழி சுமந்தது என்றால் மூக்கே சொல்லிவிடும். உரத்துக்கு எப்போதும் வாடை இருக்காது. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

ரப்பர் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலேசியத் தர ரப்பர் (SMR) 33.3 கிலோ கட்டியாக வரும். 36 கட்டி சேர்த்தால் 1.2 டன், ஒரு பேலட். மரச்சிலாம்பு ரப்பரில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று டயர் தயாரிப்பாளர்கள் முறையிட்டதால் இப்போது நிறைய சரக்கு இரும்புப் பெட்டியில் போகிறது. டயருக்கே சிலாம்பு ஆகாதாம். நாம் அதே மரத்தின்மேல் கீழே ஒன்றும் விரிக்காமல் அரிசிச் சாக்கைப் போடுகிறோம். (இங்கே செய்யும் பேலட்டுகளில் பலவும் ரப்பர் மரம்தான். நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரம் 25, 30 வருடத்தில் பால் குறைந்ததும் வெட்டப்பட்டுப் பலகையாகிறது. அறுத்த சில நாளிலேயே பூஞ்சையும் துளைப்பூச்சியும் பிடிக்கும் என்பதால் போரான் கரைசலில் ஊறவைப்பார்கள்.)

பேலட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்து உங்களில் சிலர் எடுப்பது எனக்குத் தெரியும். நல்ல பழக்கம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கோதுமைக் கதிர் படமும் நாட்டுக் குறியீடும் போட்டிருக்கும். மலேசியா என்றால் எம்.ஒய். (MY). பக்கத்தில் எச்.டி. (HT) என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏறியிருக்கிறது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிகொல்லி வாயுவால் புகை போட்டது. 1996-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீள்கொம்பு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல் சரக்கின் மரத்தில் ஒளிந்து போனதுதான். அந்த மாதிரிப் பூச்சிகள் நாடு விட்டு நாடு போகாமல் இருக்கத்தான், வெளிநாட்டுக்குப் போகும் சரக்கின் மரத்துக்கு இப்படிச் சூடோ புகையோ போட்டு முத்திரை குத்த வேண்டும் என்ற விதி 2002-ல் வந்தது. அதாவது முத்திரை பேசுவது பூச்சியைப் பற்றி மட்டும். அது பிறப்புச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ் இல்லை. எச்.டி. போட்ட பேலட் அடுத்த வாரமே பூச்சிமருந்து டப்பாவைச் சுமந்திருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: உள்நாட்டுக்குள் சுற்றும் பேலட்டுக்கு முத்திரை தேவையில்லை, ஆகவே முத்திரை இல்லாததெல்லாம் விஷம் என்று ஒதுக்கவும் வேண்டாம். எம்.பி. என்றால் மட்டும் உணவுப் பக்கம் வேண்டாம். வாயு கலைந்து போயிருக்கும் என்பார்கள், இருக்கட்டும். வேறு பேலட் இருக்கும்போது அது எதற்கு?

இதெல்லாம் ரொம்ப ஓவர் என்று நினைப்பவர்களுக்கு: 2009 கடைசியிலும் 2010-லும் அமெரிக்காவில் டைலனால் என்ற வலி நிவாரணி மாத்திரைகளைக் கடையிலிருந்து திரும்ப எடுத்தார்கள். மாத்திரையில் பூஞ்சை வாடை, சிலருக்கு வயிற்றுக் கோளாறு. தேடிப் பார்த்தால், மரப் பேலட்டுக்குப் போட்ட ரசாயனம் சிதைந்து உண்டான டிரைபுரோமோஅனிசோல் என்ற பொருள். மூடி போட்ட குப்பிக்குள்ளேயே வாடை ஏறியது என்றால், சாக்கு அரிசிக்கு ஏறாதா?

இப்போது அடுப்பு. பேலட்டை எரிக்காதீர்கள். எதைச் சுமந்தது என்று தெரியாத மரத்தின் புகை சாம்பார் அண்டாவைச் சுற்றுவது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஆணி. பேலட் ஆணி முறுக்கு ஆணி. சுலபமாகக் கழன்று வராதபடி செய்தது. சுத்தியலால் உடைத்தால் பாதி ஆணி மரத்தோடு நெருப்புக்குப் போகும், மீதி தரையில் சிதறும். எரிந்த பிறகு சாம்பலை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போகிறோம். அந்தச் சாலையில் காவடியும் பால்குடமும் எடுத்து வருபவர்கள் வெறுங்காலில் வருகிறார்கள். பந்தலுக்குள் பேலட்டை உடைப்பதையே நிறுத்துங்கள். விறகு வேண்டுமென்றால் விறகை வாங்கலாம், இல்லையா கேஸ் இருக்கிறது.

நீலமும் சிவப்பும் அடித்த பேலட்டுகள் பற்றி ஒரு வார்த்தை. அவை வாடகை நிறுவனங்களுடையவை. பானக் கம்பெனிகளும் பேரங்காடிகளும் வாடகைக்கு எடுத்துச் சுழற்றுபவை. லாரிக்காரர் "எடுத்துக்கோங்க" என்றாலும் கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. தண்ணீர்ப் பெட்டி நன்கொடை அதன்மேல் வந்து இறங்கினால் அப்படியே பயன்படுத்துங்கள். வெட்டவோ பெயின்ட் அடிக்கவோ வேண்டாம், முடிந்ததும் அனுப்பியவருக்கே திருப்பிவிடுங்கள்.

அடுத்த பந்தலுக்கு உணவுக்கு அடியில் போட மட்டும் தனியாகக் கேளுங்கள்: மாவு, சர்க்கரை மாதிரி உணவுப் பொருள் சுமந்தது, காய்ந்தது, கறை இல்லாதது. அதில் பச்சைப் பெயின்டால் ஒரு கோடு போட்டுத் தருகிறேன். மேலே கான்வாஸ் விரித்து மூட்டையை அடுக்குங்கள். நடைதரைக்குக் கனமானதைத் தனியாக எடுத்து வைக்கிறேன். கடைசி நாளில் வந்தால் மிச்சம் மீதியைத்தான் கொடுக்க முடியும், ஒரு மாதம் முன்னதாகவே ஆளை அனுப்பிவிடுங்கள். பந்தல் பிரித்ததும் முழுசாகத் திரும்பி வருவதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம், லாரியும் நாங்களே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
பிறையிலிருந்து ஒரு பேலட் பட்டறைத் தொழிலாளி